எதிரொளிப்பா, கேமராவா: வீட்டில் செய்யும் ஹெட்அப் டிஸ்ப்ளே கண்ணாடிக்கு எந்த வழி?

நேரம், திசை போன்ற தகவல்களைக் கண்முன்னே காட்டும் ஹெட்அப் டிஸ்ப்ளே கண்ணாடியை வீட்டிலேயே செய்ய முனைபவர்கள் பெரும்பாலும் எந்தச் சென்சாரை வாங்குவது என்பதிலிருந்தே யோசிக்கத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது: வெளியுலகம் எந்த வழியாக நம் கண்ணை வந்தடையப் போகிறது? 1968ல் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஐவன் சதர்லேண்ட் தலையில் அணியும் திரையை உருவாக்கியபோது, பாதி ஒளியைத் திருப்பி மீதியை உள்ளே விடும் கண்ணாடியைப் பயன்படுத்தினார். உலகம் நேராகவே தெரிய, படம் அதன்மேல் படிந்து தெரிந்தது. இன்னொரு வழி, கண்ணைத் திரையால் முழுவதும் மூடிவிட்டு, முன்பக்கக் கேமரா எடுக்கும் காட்சியின்மேல் தகவல்களை எழுதிக் காட்டுவது. இரண்டையும் செய்து பார்த்தபின் நான் தொடர்ந்து அணிவது எதிரொளிப்பு வகையைத்தான். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

சென்சார்களில் இரண்டு முறைகளுக்கும் வேறுபாடு இல்லை. வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றுக்கும் பிஎம்இ280 ஒன்றே போதும். தலை திரும்பும் திசையை அறிய மலிவான எம்பியூ6050ஐ வாங்கினால், அதில் காந்த உணரி இல்லாததால் திசைக் கணக்கு சிறிது சிறிதாக நழுவிக்கொண்டே போகும். காந்த உணரியும் உள்ள பிஎன்ஓ055 போன்றதை வாங்குவது நல்லது.

எதிரொளிப்பு முறையில் உழைப்பெல்லாம் ஒளியியலில்தான். ஒளி ஊடுருவும் ஓஎல்இடி திரையைக் கண்ணுக்கு முன்னால் அப்படியே பொருத்திவிட்டால் போதுமே என்று தோன்றலாம். ஆனால் ஏறத்தாழ 25 சென்டிமீட்டருக்கும் அருகில் இருப்பதை நம் கண்ணால் சிரமமின்றித் தெளிவாகப் பார்க்க முடியாது, நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்தத் தூரம் இன்னும் கூடும் என்பதால், எழுத்துகள் வெறும் மங்கலாகவே தெரியும். ஆகவே சிறு திரையை நெற்றியோரமாக வைத்து, அதன் ஒளியைக் குவிலென்ஸ் வழியாகச் செலுத்தி, 45 டிகிரி சாய்ந்த மெல்லிய தகட்டில் எதிரொளிக்கச் செய்ய வேண்டும். லென்ஸின் குவியத் தொலைவில் திரை இருந்தால் பிம்பம் வெகுதொலைவில் இருப்பதுபோல் தோன்றும்; தெருவைப் பார்க்கும் கண் அதே குவியத்தில் எழுத்தையும் படித்துவிடும். 100 மில்லிமீட்டர் குவியத் தொலைவு என்பது மூக்குக்கண்ணாடிக் கடைகளில் பிளஸ் 10 பவர் என்று சொல்லும் லென்ஸ்தான். அங்கேயே தேவையான அளவுக்கு வெட்டியும் வாங்கிக்கொள்ளலாம். எஸ்எஸ்டி1306 சில்லு கொண்ட 0.96 அங்குலத் திரையின் ஒளிரும் பகுதி 21.7 மில்லிமீட்டர் அகலம் என்பதால், இந்த லென்ஸ் வழியே அது ஏறத்தாழ 12 டிகிரி அகலத்தைப் பிடிக்கும்: கையை முழுதாக நீட்டி விரல்களை மடக்கிப் பார்த்தால் தெரியும் கைமுட்டியின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதல். நேரம், திசை, வெப்பநிலை ஆகியவற்றுக்கு இது தாராளம். எதிரொளித்த படம் இடம் வலம் மாறி வரும். இத்தகைய திரைகளில் எழுத உதவும் யூ8ஜி2 என்ற ஆயத்த நிரல் தொகுப்பில் அதைத் திருப்ப ஒரு வசதி உண்டு. தகடு தடிமனாக இருந்தால் அதன் இரு பரப்புகளும் எதிரொளித்து எழுத்து இரட்டையாகத் தெரியும் என்பதால், மெல்லிய அக்ரிலிக் தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் எதிரொளிப்புப் படலம் ஒட்டுவதே சரி. கண்ணருகே உடையக்கூடிய கண்ணாடித் தகடு வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு சிரமம் கேமரா முறையில் இல்லை. திரையும் லென்ஸும் பொருந்திய பெட்டி ஆயத்தமாகவே கிடைக்கும். இருந்தும் என் தேர்வை முடிவு செய்தது தாமதம். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கே 33 மில்லி செகண்டு செலவாகிறது. அதை ராஸ்பெரி பை என்ற சிறு கணினி வாங்கி, மேலே எழுதி, திரைக்கு அனுப்பி, திரை அதைக் காட்டி முடிப்பதற்குள் மொத்தத் தாமதம் 100 மில்லி செகண்டை எளிதில் தொட்டுவிடும். நொடிக்கு 100 டிகிரி வேகத்தில் தலையைத் திருப்பினால், கண்முன் உள்ள உலகம் 10 டிகிரி பின்தங்கி நிற்கிறது. தலை திரும்பிவிட்டது என்று உட்செவி சொல்ல, இன்னும் இல்லை என்று கண் சொல்ல, குமட்டல் வருகிறது. நீட்டிய கை பொருளைத் தவறவிடுகிறது. ஆப்பிள் நிறுவனம் 2024ல் விற்பனைக்குக் கொண்டுவந்த விஷன் புரோவில், கேமராக் காட்சியை 12 மில்லி செகண்டில் திரைக்குக் கொண்டுவருவதாகச் சொல்லி அதற்கென்றே ஆர்1 என்ற தனிச் சில்லை வைத்திருக்கிறது. வீட்டு மேசையில் அது எட்டாத உயரம். எதிரொளிப்பு முறையிலும் தாமதம் உண்டு. எஸ்எஸ்டி1306க்கு ஒரு முழுப் படமான 1,024 பைட்டை 400 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் ஐ2சி என்ற தகவல் இணைப்பு வழியே அனுப்பக் குறைந்தது 23 மில்லி செகண்டு ஆகும். ஆனால் பிந்துவது திசைகாட்டும் எண் மட்டுமே; உலகம் பிந்துவதில்லை.

இதே காரணத்தின் இன்னொரு முகம், பழுது. கையால் பற்றவைத்த இணைப்புகளும் மெல்லிய கேமரா ரிப்பனும் அசையும் தலையில் என்றாவது கழன்றே தீரும். பேட்டரி தீரும், நிரல் உறைந்து நிற்கும். அப்போது எதிரொளிப்புக் கண்ணாடியில் எழுத்து மட்டும் மறைகிறது. கேமரா வகையிலோ அணிந்தவர் அந்தக் கணமே பார்வை இழந்தவராகிறார், அவர் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாலும். பழுதாவது உறுதி என்று தெரிந்த ஒரு பொருளுக்கு, பழுதானபின் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். (இரண்டில் எதையும் அணிந்து வண்டி ஓட்டக் கூடாது.)

கேமரா முறை உண்மையாகவே வெல்லும் இடங்களும் உண்டு. நடுப்பகல் வெயிலில் சிறு ஓஎல்இடியின் ஒளி எடுபடாது. தகட்டின் வெளிப்பக்கத்தில் கருநிறப் படலம் ஒட்டினால் படிக்க முடியும், ஆனால் நிழலுக்குள் நுழைந்ததும் உலகம் இருண்டுவிடும். ஒரு பொருளைச் சுற்றிச் சரியாகப் பொருந்தும் கட்டம் வரைவதும் கேமரா முறையில்தான் எளிது, ஏனெனில் எதிரொளிப்பு முறையில் கண் சற்று நகர்ந்தாலே கட்டம் விலகிவிடும். அகச்சிவப்பு விளக்கோடு இருட்டில் பார்ப்பதும் கேமராவால்தான் முடியும். இருட்டறையில் சிறிது நேரம் மட்டுமே அதை முயன்றிருக்கிறேன் என்பதால், இரவுப் பயன்பாட்டுக்காகவே செய்பவர்கள் என் சாய்வை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

மின்சாரக் கணக்கும் இந்தத் தேர்வைப் பின்தொடர்ந்தே வருகிறது. எழுத்து மட்டும் காட்ட இஎஸ்பி32 என்ற சிறு கட்டுப்பாட்டுச் சில்லு போதும். மின்னிணைப்பு கொடுத்த சில நொடிக்குள் வேலையைத் தொடங்கிவிடும், திடீரென நிறுத்தினாலும் கெடாது. கேமராக் காட்சியைக் கையாள ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ போன்ற முழுக் கணினி வேண்டும். அது சூடாகும், பேட்டரியும் பெரிதாகும், முறையாக அணைக்காமல் மின்சாரத்தைத் துண்டித்தால் மெமரி கார்டில் உள்ள கோப்புகள் பழுதாகவும் கூடும். எதிரொளிப்புக் கண்ணாடியிலும் கேமரா வேண்டுமென்றால், கட்டைவிரல் அகலமே உள்ள, கேமராவோடு வரும் இஎஸ்பி32எஸ்3 பலகையைச் சட்டத்தின் ஓரத்தில் பொருத்தி, படம் எடுக்கவும் கியூஆர் குறியீடு படிக்கவும் மட்டும் பயன்படுத்தலாம். பேட்டரியைத் தலையின் பின்பக்கம் வைத்தால் மூக்கின் மீதுள்ள பாரம் குறையும், சூடேறினாலும் முகத்தருகே இருக்காது.