ஏழு வருடம், எட்டு இஞ்ச் டாப்சன், மதுரை மொட்டை மாடி

என் டாப்சன் டெலஸ்கோப்பின் குழாய் 9 கிலோ, அடிப்பெட்டி 11 கிலோ. மொட்டை மாடிக்குக் கொண்டுபோக இரண்டு நடை. டெலஸ்கோப் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் மாடிப்படியைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பேன். தூக்கச் சலிப்பாக இருந்தால் எவ்வளவு நல்ல ஆடியும் (உள்ளே ஒளியைக் குவிக்கும் கண்ணாடி) பரணில்தான் கிடக்கும்.

இதை வாங்கியது 2019 பிப்ரவரியில். ஆடி 203 மி.மீ., குவியத் தூரம் 1200 மி.மீ. மோட்டார் கிடையாது, கையால்தான் தள்ள வேண்டும். அன்றைக்கு ஐம்பதாயிரத்தை ஒட்டி ஆனது. அதே காசுக்கு, தானே கோளைத் தேடிப் பிடிக்கும் சின்ன டெலஸ்கோப் ஒன்று கிடைத்திருக்கும். மோட்டாரை விட்டுவிட்டுப் பெரிய ஆடியை எடுத்தேன், இன்றுவரை அதில் வருத்தமில்லை. இந்த வடிவத்தைப் பரப்பிய ஜான் டாப்சன், அமெரிக்காவில் வேதாந்த மடத்தில் 23 வருடம் துறவியாக இருந்தவர். கப்பல் சன்னலின் தடித்த கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். மடத்தை விட்டு வெளியே வந்தபின் டெலஸ்கோப்பைத் தெருவோரம் நிறுத்தி, போவோர் வருவோரைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். எங்கள் தெருவில் முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு அப்பத்தா. வளர்பிறை எட்டாம் நாள். கண்ணை வைத்துவிட்டு ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. “என்னப்பா இது, அம்மை வடு மாதிரி இம்புட்டுப் பள்ளமா இருக்கு” என்றார்.

நிலா நகரத்துக்காரர்களின் சொத்து. தெருவிளக்கு எத்தனை எரிந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. மாதாமாதம் அரைநிலா தாண்டிய மறுநாள் நேர்ச்சுவர் என்ற நீண்ட சரிவைத் தேடிப் போவேன். 110 கிலோமீட்டர் நீளத்துக்குக் கத்தியால் கீறிய மாதிரி ஒரு கறுப்புக் கோடு. தேய்பிறையில் வெயில் மறுபக்கத்திலிருந்து விழுவதால் அதே கோடு வெள்ளையாகிவிடும். பிறகு தெற்கே கிளேவியஸ் பள்ளம். அதற்குள் வளைவாகச் சிறுத்துக்கொண்டே போகும் குட்டிப் பள்ளங்களில் எத்தனை தெரிகிறது என்று எண்ணுவேன். அதை வைத்துத்தான் அன்றைய காற்று எப்படி என்று முடிவு செய்கிறேன். கடைசிக் குட்டி அசையாமல் நின்றால் பெரிய ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) எடுத்துவிட்டு, இன்னும் பெரிதாகக் காட்டும் சின்னதைப் போடலாம்.

கோள் பார்க்க நம் ஊர் அட்சரேகை ஒரு வரம். இதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். 2020 கோடையில் சனி, லண்டன்காரர்களுக்கு அதிகபட்சம் 18 டிகிரி உயரம்தான் ஏறியது. மதுரையில் 60 டிகிரி. அவர்கள் நம்மைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் காற்றைத் துளைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பிலிப்பைன்ஸின் செபு நகரில் கிறிஸ்டோபர் கோ என்ற அமெச்சூர், 2006 பிப்ரவரியில் வியாழனின் ஒரு வெள்ளைப் புயல் சிவப்பாக மாறியதை உலகத்துக்கு முதலில் சொன்னார். கையில் 11 இஞ்ச் டெலஸ்கோப், தலைக்கு மேலே வியாழன். செபு இருப்பது வட அட்சரேகை 10 டிகிரியில். மதுரையும் கிட்டத்தட்ட அதே கோடுதான். நம்மிடமும் அந்த வானம் இருக்கிறது.

உயரத்தில் நிற்பதால் ஒரு தொல்லையும் உண்டு. உச்சிக்கு நெருங்க நெருங்க டாப்சன் முரண்டு பிடிக்கும். குழாய் செங்குத்தாக நிற்கும்போது இடவலமாகத் திருப்பப் பிடிமானம் கிடைக்காது. குறிபார்ப்பதற்காகக் கூட வந்த சின்னக் குழாயான நேர் பைண்டரில் அண்ணாந்து அண்ணாந்து கழுத்துப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் மாதமே 90 டிகிரி மடங்கிய பைண்டருக்கு மாறினேன். ஏழு வருடத்தில் செய்த செலவுகளில் மிக உருப்படியானது அதுதான்.

அடுத்தது சூடு. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி பத்து மணி வரை அனலைக் கக்கும். அந்த அனலுக்குள் வியாழனைப் பார்த்தால் ஓடும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி நெளியும். ஆடி சரியில்லையோ என்று முதல் வருடம் பயந்தேன், தப்பு தளத்தில் இருந்தது. இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்கே நாலு வாளி தண்ணீர் ஊற்றிவிடுவேன், குழாயையும் அப்போதே வெளியே வைத்து ஆறவிடுவேன். முடிந்தால் பின்னிரவில் பார்ப்பேன். மூன்று மணிக்கு எழுந்தால் கிடைக்கும் வியாழனும் எட்டு மணி வியாழனும் ஒன்றல்ல.

அந்தத் தண்ணீரே அடிப்பெட்டிக்கு எமன் ஆனது. தயாரித்தவர்கள் போட்டிருந்தது மரத்தூளை அழுத்திய பலகை. ஓரத்து ஒட்டு விட்ட இடத்தில் ஈரம் இறங்கி, 2021 ஐப்பசி மழை முடிவதற்குள் அடிப்பலகை அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. திருகாணி எதுவும் பிடிக்கவில்லை. விற்ற கடையில் கேட்டதற்கு, ஈரத்தால் வந்த சேதம் உத்தரவாதத்தில் வராது என்றார்கள். நமக்கு விற்கும் பொருளை நம் மழைக்குத் தாங்குகிற மாதிரி செய்யக் கூடாதா என்ற ஆதங்கம் இன்னும் இருக்கிறது. தெருமுனை ஆசாரி அண்ணன் பழையதை அளவெடுத்து 18 மி.மீ. மெரைன் பிளைவுட்டில் புதிதாகச் செய்து கொடுத்தார். இரண்டு கிலோ கூடிவிட்டது, ஆட்டம் அறவே நின்றுவிட்டது. புதிதாக வாங்குகிறவர்கள் முதல் நாளே பலகை ஓரங்களுக்கு இரண்டு கோட் வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

ஆடியை இதுவரை இரண்டு முறைதான் கழுவினேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் திட்டு நிற்கும். அதனால் கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். துணி படவே கூடாது, சாய்த்து வைத்துத் தானாக வடியவிட வேண்டும். ஐபீஸ்கள் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில். வெளியே கிடந்த 10 மி.மீ. ஐபீஸில் பூஞ்சை வலை பின்னிய பிறகுதான் இந்தப் புத்தி வந்தது. மூன்று திருகுகளைத் திருப்பி ஆடியை நேராக்கும் கொலிமேஷன் வேலைக்குப் பலர் பயப்படுகிறார்கள். பழகினால் இரண்டு நிமிடம்.

படம் எடுப்பது தனிக் கதை. முதல் மூன்று வருடம் ஐபீஸில் செல்போனைப் பொருத்தி எடுத்தேன். நிலாவுக்கு அது தாராளம். 2022-இல் வியாழன் 59 வருடங்களில் இல்லாத அளவு நெருங்கி வந்தது. அதற்காக சோனி ஐஎம்எக்ஸ்224 சென்சார் உள்ள ஒரு கோள் கேமரா வாங்கினேன். உருவத்தை இரண்டு மடங்காக்கும் பார்லோ லென்ஸ் போட்டால் சென்சாரின் நீளப் பக்கம் வானத்தில் 7 நிமிடக் கோணத்தை (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்) பிடிக்கும். பூமி சுழலும் வேகத்தில் வியாழன் அதை 28 நொடியில் கடந்துவிடும். மோட்டார் இல்லாததால் கோளைக் கிழக்கு ஓரத்துக்கு வெளியே நிறுத்தி, கையை எடுத்து, குலுங்கல் அடங்கியதும் பதிவை ஓட்ட வேண்டும். அது தானாக மிதந்து உள்ளே வந்து மறுபக்கம் போகும். நொடிக்கு 100 பிரேம் வீதம் ஒரு ஓட்டத்தில் 2000 பிரேம் தேறும். மூன்று நிமிடத்துக்குள் நாலு ஓட்டம். அதற்கு மேல் நீட்டினால் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும் வியாழனின் மேகப்பட்டை விவரங்கள் இழுபடும். ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருள் அந்த 8000 பிரேமிலிருந்து காற்று அசையாத கணங்களைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும். நான் 15 சதவீதம்தான் வைத்துக்கொள்வேன். பிறகு ரெஜிஸ்டாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில், படத்தைக் கூர்மையாக்கும் வேவ்லெட்டை நகர்த்தும்போது கையை அடக்க வேண்டும். கண்ணால் பார்க்காத கோடுகள் படத்தில் முளைத்தால், கூர்மை கூடிப்போயிற்று என்று அர்த்தம்.

இத்தனை கேமரா வந்த பிறகும் சனியைப் பென்சிலால்தான் வரைகிறேன். வருடத்துக்கு ஒரு பக்கம், அதே ஐபீஸ், அதே அளவு வட்டம். 2019 ஜூலைப் பக்கத்தில் வளையம் 24 டிகிரி சாய்ந்து அகலத் திறந்திருக்கிறது, வளையத்தைப் பிரிக்கும் கறுப்புக் காசினி இடைவெளி முழுச்சுற்றும் தெரிகிறது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினால் அது மூடிக்கொண்டே வருகிறது. 2025 மார்ச் 23 அன்று வளையத் தளத்தைப் பூமி கடந்தபோது, அதாவது வளையம் விளிம்பை மட்டும் நமக்குக் காட்டியபோது, சனி சூரிய வெளிச்சத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்ததால் பார்க்க வழியில்லை. நவம்பரில் மழை விட்ட ஒரு ராத்திரி, உருண்டையில் ஊசி செருகிய மாதிரி மெல்லிய கோடு. “வளையம் எங்கப்பா போச்சு?” என்றாள் மகள். 2019 பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவளுக்கு அப்போது நாலு வயது.

வால்நட்சத்திரத்துக்கு மட்டும் இந்த டெலஸ்கோப்பை நம்பாதீர்கள். 2023 பிப்ரவரியில் செவ்வாய்க்குப் பக்கத்தில் வந்த இசட்.டி.எஃப். வால்நட்சத்திரம் மதுரை வெளிச்சத்தில் துடைத்துவிட்ட சாம்பல் மாதிரிதான் தெரிந்தது. படங்களில் வந்த பச்சை, இரட்டைக் கார்பன் மூலக்கூறு கொடுப்பது. என் கண்ணுக்கு அந்த நிறம் எட்டவே இல்லை. பிரகாசமான வால்நட்சத்திரம் என்றால் சிக்கல் வேறு. 48 மடங்கில் டாப்சன் காட்டுவது ஒரு டிகிரி சொச்சம் வானம், வாலோ பல டிகிரி நீளும்.

2024 அக்டோபர் 2, மகாளய அமாவாசை. டாப்சனை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு 10×50 பைனாகுலரோடும் செல்போன் ஸ்டாண்டோடும் ஊருக்கு வெளியே ஒரு கண்மாய்க் கரைக்குப் போனேன். கிழக்கே மரமில்லாத இடம். ஐந்தேகால் மணிக்கு, அடிவானத்துக்குச் சற்று மேலே, சூச்சின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம். மங்கலான ஒரு புள்ளி, அதிலிருந்து நேர் மேலே ஈர்க்குச்சி மாதிரி வால். திதி கொடுக்க வந்திருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, “என்ன தம்பி தெரியுது?” என்றார். பைனாகுலரைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, “நான் பள்ளிக்கூடம் போற வயசுல இதே மாதிரி விடியக்காலம் ஒரு வால்வெள்ளி வந்துச்சு, எங்க ஐயா தூக்கிவச்சுக் காட்டுனாரு” என்றார். அவர் வயதை வைத்துப் பார்த்தால் 1965 அக்டோபரின் இகேயா-செகியாக இருக்கலாம். ஐந்தே முக்காலுக்கு வானம் வெளுத்து வால் கரைந்தது. அதற்குப் பிறகும் அவர் பைனாகுலரை இறக்கவில்லை, நானும் கேட்கவில்லை.