‘நீ’ என்று கூப்பிட முடியுமா?

பாலிதீயிசம் (தெய்வங்கள் பல என்ற நம்பிக்கை), பான்தீயிசம் (இயற்கை முழுவதுமே கடவுள் என்ற நம்பிக்கை) என்று பேச்சு வந்தாலே "எல்லாம் ஒரே சக்தியோட பல ரூபம்தானே" என்று பலர் முடித்துவிடுகிறார்கள். அப்படியில்லை. கல்லூரி நாளிலிருந்து பத்து வருஷம் பான்தீயிசத்தை நம்பியிருந்துவிட்டு, இப்போது பல தெய்வங்களின் பக்கம் வந்து நிற்பவன் நான்.

பல தெய்வ வழிபாட்டை நமக்கு விளக்கவே வேண்டாம். காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன் என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போனால், சுடலைமாடன், பேச்சியம்மன் என்று அங்கேயே ஒவ்வொருவருக்கும் தனிப் பீடம், தனிப் படையல் இருக்கும்.

பான்தீயிசத்தில் கடவுள் என்றாலும் இயற்கை என்றாலும் ஒன்றுதான், உலகத்துக்கு வெளியே நின்று படைத்தவர் என்று ஒருவர் இல்லை. பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவவாதி ஸ்பினோசா இதைத்தான் எழுதினார். ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் 1656இல் அவரைத் தள்ளி வைத்தது, அவருடைய முக்கியமான நூலே அவர் இறந்த பிறகு 1677இல்தான் வெளிவந்தது. இந்தக் கொள்கையில் கோயில் வரி கொடுக்க வேண்டாம், கொடை முறையில் பங்காளிச் சண்டை வராது, அறிவியலோடும் மோதாது. அந்த அழகை நான் இன்றும் மறுக்கவில்லை.

ஆனால் கடவுளை நேசிக்கிறவன், கடவுள் தன்னைத் திருப்பி நேசிக்க வேண்டும் என்று முயலவே முடியாது என்று அதே நூலில் ஸ்பினோசா சொல்கிறார். இதைப் படித்தபோது பெரிய விஷயமாகத்தான் தெரிந்தது.

அப்புறம் என் மகளுக்கு அம்மை போட்டது, அப்போது அவளுக்கு நாலு வயது. டாக்டர் மருந்து கொடுத்தார், கொடுத்தோம். என் கொள்கைப்படி குழந்தையும் கடவுள், அந்தக் கிருமியும் கடவுள், நடப்பதெல்லாம் இயற்கையின் நியதி, சரி, ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குச் சொறிய விடாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த நியதியிடம் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆச்சி வேப்பங்கொத்தால் மெல்ல வருடிக்கொண்டே, "முத்தாரம்மா, பச்சப் புள்ள, தாங்க மாட்டா, போதும் இறங்கிரு தாயே" என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தாள். ஆச்சிக்கு அம்மை நோயும் முத்தாரம்மன்தான், நோயை இறக்குகிறவளும் அவள்தான். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் பான்தீயிசம் போலத்தான் இருக்கும். வித்தியாசம் என்னவென்றால் இவளுக்கு முகம் இருக்கிறது, போதும் என்று சொல்லலாம், கோபித்துக்கொள்ளலாம்.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது இந்த ஒன்றுதான். எத்தனை கடவுள் என்ற கணக்கை விட, ‘நீ’ என்று கூப்பிட முடிகிறதா என்பதுதான் கேள்வி. பறிக்கப் போன பூவுக்குள்ளும் இறைவனைக் கண்டு பறிக்க மனம் வராமல் நின்ற தாயுமானவர்கூட, அதை "நீயே இருத்தி" என்றுதான் பாடினார். அதனால் அவரை முழு பான்தீயிஸ்ட் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தியானத்தில் ஊறியவர்களுக்கு இந்தக் குறையே தெரியாமல் இருக்கலாம், நான் அவ்வளவு தூரம் போனதில்லை. இயற்கையைப் பார்த்து வியக்கத்தான் வேண்டும் என்றால் பான்தீயிசமே போதும், மலை ஏறும்போது எனக்கு இன்றும் அந்த எண்ணம்தான் வருகிறது. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகு முத்தாரம்மன் கோயிலுக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போனேன், வாசலிலேயே அவள் அம்மனிடம் "நல்லா ஆயிட்டும்மா" என்று சத்தமாகச் சொன்னாள்.