7400-ஆ, 4011-ஆ?

கல்லடியில் அக்காவின் மகன் உயர்தரச் செய்முறைக்கு இரண்டு ஐசி (சிறு மின்னணுச் சில்லு) வாங்கி வந்தான்: 74எல்எஸ்00 (இங்கே சுருக்கமாக 7400), சிடி4011 (4011). "ரெண்டும் நேண்ட் தானே மாமா, எதைப் போட்டால் என்ன?"

தர்க்கத்தில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. இரண்டிலும் நான்கு நேண்ட் படலைகள் (உள்ளீட்டைப் பார்த்து வெளியீட்டை முடிவுசெய்யும் சுற்றுகள்), 14 கால்கள். உள்ளீடு இரண்டும் 1 (உயர் மின்னழுத்தம்) ஆனால்தான் வெளியீடு 0 (தாழ் மின்னழுத்தம்). (நம் வேலிப் படலையின் பெயரையே பாடநூல் இதற்கும் வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும்.)

சண்டை கால்களில் தொடங்கும். மின்சாரம் இரண்டிலும் 7, 14-இல்தான். ஆனால் நடுப் படலைகள் வேறு: 7400-இல் 4, 5 உள்ளீடு, 6 வெளியீடு, 4011-இல் 5, 6 உள்ளீடு, 4 வெளியீடு. ஒன்றைக் கழற்றி மற்றதைச் செருகினால் வெளியீட்டுக் காலில் போய் உள்ளீட்டைக் கொடுப்பீர்கள். அவனும் அதைத்தான் செய்தான்.

அப்புறம் மின்னழுத்தம். 74எல்எஸ்00-க்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரைதான். போன் சார்ஜர் போதும், 9 வோல்ட் பற்றரியை நேரே கொடுத்தால் போச்சு. 4011-க்கு 3 முதல் 15 வரை சரி. சும்மா இருக்கும்போது மின்னோட்டம் எடுப்பதே தெரியாது. மற்றது அப்போதும் ஓரிரு மில்லிஅம்பியர் குடிக்கும். வேகத்தில் 7400 முந்தும், பள்ளி வேலைக்கு அது கணக்கில்லை.

பழகுபவனுக்கு நான் 7400-ஐத்தான் கொடுப்பேன். உள்ளீட்டை மறந்து அந்தரத்தில் விட்டாலும் பெரும்பாலும் 1 என்றே எடுத்துக்கொள்ளும். 4011-இலோ விரலைக் கிட்டக் கொண்டுபோனாலே எல்இடி கண் சிமிட்டும். கூரைத் தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் கத்தும் அலாரத்துக்கு மட்டும், மின்வெட்டிலும் பற்றரியில் கிடக்க வேண்டுமே, 4011.