ஜோக்ஜா பக்கத்து கிராமத்துல மனை வாங்கினோம், நோட்டாரிஸ் ஆபீஸ் எப்படி இருந்துச்சு

இந்தோனேசியாவுல ஜோக்ஜகார்த்தால இருந்து தெற்கால பந்துல் பக்கம் போனா மண்பாண்டத்துக்கு பேர்போன கசோங்கான் வரும், அதுக்கும் கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு சின்ன கிராமத்துல வீட்டு மனை வாங்கி பத்திரம் முடிச்சிருக்கோம். என் மனைவி ஜாவாக்காரங்க, நான் இன்னும் இந்தியன் பாஸ்போர்ட் தான். எங்கள மாதிரி ஜோடிங்க நிறைய பேர் நிலத்த யார் பேர்ல வாங்கறதுங்கற குழப்பத்துல சுத்திட்டு இருக்காங்க, அவங்களுக்காகத்தான் எங்களுக்குப் பத்திரம் முடிச்சுக் குடுத்த நோட்டாரிஸ், அதாவது நோட்டரி, ஆபீஸ் பத்தி இந்த ரிவ்யூ. குறையும் சேத்து சொல்லப்போறதால ஆபீஸ் பேரு போடல. 5-க்கு 4 குடுப்பேன்.

முதல்ல ஒரு புரோக்கர்கிட்ட போனோம். அங்க மகெலார்னு சொல்வாங்க. அவர் காட்டின இடம் அவ்ளோ அழகு, காலைல வானம் தெளிவா இருந்தா வடக்க மெராபி மலை தெரியும், சுத்தி பச்சப்பசேல்னு வயல். விலையும் கம்மி. "உங்க சம்சாரம் பேர்ல எழுதிடலாம், அவங்க இந்தோனேசியா பிரஜை தானே, யாரு கேக்கப்போறா"ன்னு சொன்னார். நாங்களும் அட்வான்ஸ் குடுக்கற வரைக்கும் போயிட்டோம். மனைவியோட அக்கா தான் கைய புடிச்சு நிறுத்தி, முதல்ல ஒரு நோட்டாரிஸ்கிட்ட கேளுங்கன்னு சொன்னாங்க. அந்த அக்காவுக்கு நாங்க ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கோம்.

அங்க நோட்டாரிஸ்ஸும் நிலப் பத்திரம் எழுதற பிபிஏடியும் பெரும்பாலும் ஒரே ஆள் தான் இருப்பாங்க. நாங்க போன ஆபீஸ்ல இருந்த இபுவுக்கு (பெண்கள அங்க மரியாதையா அப்படித்தான் கூப்பிடுவாங்க) 50 வயசு இருக்கும். நிலம் எங்க, என்ன விலைன்னு எதுவுமே கேக்கல, முதல் கேள்வியே "கல்யாணம் எந்த வருஷம், சொத்து ஒப்பந்தம் இருக்கா"ன்னு தான். எங்களுக்கு கல்யாணம் 2014-ல, ஒப்பந்தம்லாம் எதுவும் போடல. உடனே பேனாவ கீழ வெச்சுட்டு நிதானமா விளக்க ஆரம்பிச்சாங்க.

1960-ல வந்த 5-ம் நம்பர் நிலச் சட்டப்படி ஹாக் மிலிக், அதாவது முழு உரிமை, இந்தோனேசியா பிரஜைக்கு மட்டும் தான். கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கற சொத்து ரெண்டு பேருக்கும் பொதுன்னு கணக்கு ஆகிடுது, அப்போ வெளிநாட்டு புருஷனுக்கும் அதுல பங்கு வந்துரும், அதனால மனைவி பேர்ல வாங்கினாலும் சிக்கல். முன்னெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடியோ கல்யாணத்தப்பவோ ஒப்பந்தம் போட்டாத்தான் செல்லும். 2016 அக்டோபர்ல அரசியல் சாசன கோர்ட் குடுத்த தீர்ப்புக்கு அப்புறம் கல்யாணம் ஆகி எத்தன வருஷம் ஆனாலும் போட்டுக்கலாம்னு ஆச்சு. சொத்து தனித்தனின்னு அத எழுதி, கல்யாணப் பதிவோட சேத்து பதிவு பண்ணிட்டு, அதுக்கப்புறம் தான் நிலத்துப் பக்கமே போகணும்னு கறாரா சொல்லிட்டாங்க. வேற யாராவது உள்ளூர்க்காரர் பேர்ல வாங்கி பின்னாடி ரகசியமா ஒரு அக்ரிமெண்ட் போட்டுக்கற வேலையே வேணாம், அது செல்லாது, நிலம் அரசாங்கத்துக்குப் போயிடும்னும் சேத்து சொன்னாங்க. இதுக்கெல்லாம் அன்னிக்கு ஒரு ரூபியா கூட வாங்கல.

இன்னொன்னு சொன்னாங்க, கேக்கவே கஷ்டமா இருந்துச்சு. நாளைக்கு என் மனைவிக்கு ஏதாவது ஆகி அந்த நிலம் எனக்கு வந்தா, ஒரு வருஷத்துக்குள்ள நான் அத வித்துடணும் இல்ல மாத்திக் குடுத்துடணும், என் பேர்ல வெச்சுக்க முடியாது. மனைவி பக்கத்துல உக்காந்திருக்கும்போதே முகத்த பாத்து நேரா சொன்னாங்க. வீட்டுக்கு வந்து ரெண்டு பேரும் ராத்திரி ரொம்ப நேரம் பேசினோம். அந்தப் பேச்சு பேச வேண்டிய பேச்சு தான்.

அந்த மெராபி தெரியற இடம் என்னாச்சுன்னா, நிலத்தோட சர்டிபிகேட் காப்பிய பாத்த உடனே "இது சாவா, வயல் நிலம்"னு சொல்லிட்டாங்க. வயல மனையா மாத்த பெர்மிஷன் வாங்கணும், அத அங்க பெங்கெரிங்கான்னு சொல்றாங்க, ஈரத்த காய வைக்கறதுன்னு அர்த்தம். பாதுகாக்கப்பட்ட விவசாய நிலமா இருந்தா அதுவும் கிடைக்காது. விளம்பரத்துல "சுடா பெகாரங்கான்", அதாவது ஏற்கனவே மனை ஆயிடுச்சுன்னு போட்டிருந்தாலும் அத நம்பி விட்றாதீங்க, சர்டிபிகேட்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.

அப்புறம் கிடைச்சது தான் இப்ப வாங்கின இடம், 180 சதுர மீட்டர். இறந்துபோன ஒரு பெரியவர் பேர்ல இருந்த பெரிய மனைல ஒரு துண்டு. வாரிசு ஆறு பேர், அதுல ஒரு அக்கா சுமத்ரால லாம்புங்ல குடியேறிட்டாங்க. அஞ்சு பேர் கையெழுத்து போதும்னு விக்கறவங்க சொன்னாங்க, நோட்டாரிஸ் இபு ஒத்துக்கவே இல்ல, ஒண்ணு அங்கிருந்து முறையா பவர் எழுதி வரணும் இல்ல நேர்ல வரணும்னு நின்னாங்க. கடைசில 2023 லெபரான், அதாவது ரம்ஜான் பண்டிகை லீவுக்கு எல்லாரும் ஊருக்கு வருவாங்கல்ல, அது வரைக்கும் நாலு மாசம் காத்திருந்தோம். எனக்கு அப்போ கடுப்பு தான். ஆனா அந்த அக்கா வந்து அப்பா வீட்டு திண்ணைல உக்காந்து, விக்கறதுல சம்மதம்னு தம்பிங்க முன்னாடி சொல்லி கையெழுத்து போட்டத பாத்ததும் மனசு லேசாயிடுச்சு. நாளைக்கு நாம குடியிருக்கப்போற ஊர்ல யாருக்கும் வருத்தம் இருக்கக் கூடாதுல்ல.

இந்த சர்வீஸ்ல எனக்கு மறக்கவே முடியாதது அளவெடுத்த நாள். நில ஆபீஸ்ல இருந்து சர்வேயர் வந்தா பக்கத்து நிலத்துக்காரங்களும் எல்லையில வந்து நின்னு ஒத்துக்கணும். நோட்டாரிஸ் ஆபீஸ் பையன் முந்தின நாளே வீடு வீடா போய் சொல்லிட்டு வந்திருந்தான், பாக் டுக்குவும், அதாவது ஊர்த்தலைவரும் வந்திருந்தார். கிழக்குப் பக்கம் ஒரு பாட்டி, ம்பான்னு கூப்பிடுவோம், 80 தாண்டியிருக்கும். 2006 மே 27 நிலநடுக்கத்துல பந்துல் முழுக்க நாசமாச்சுல்ல, அவங்க வீடும் மதிலும் அன்னிக்கு விடிகாலைல விழுந்துதாம். அப்புறம் அவசர அவசரமா கட்டின மதில் தான் இப்ப நிக்குது. சர்வேயர் மதிலையே எல்லையா வெச்சு கருவிய நட்டார். ம்பா வேணாம்னு தலையாட்டிட்டு, பாத்திக் கைலிய கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்கிட்டு வெறுங்காலோட மதிலுக்கு அந்தப் பக்கம் அவங்க வாசலுக்குள்ளயே போய், குனிஞ்சு ஒரு பழைய முருங்கை அடிமரத்த தொட்டுக் காட்டினாங்க, எல்லை இது தான், மதில் தப்பா கட்டியாச்சுன்னு ஜாவாவுல சொன்னாங்க. அளந்து பாத்தா மதில் 40 சென்டிமீட்டர் நம்ம பக்கம் ஏறியிருக்கு. யாருமே கேக்கல, அவங்களா சொன்னாங்க! எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. எல்லைக்கல்ல முருங்கை பக்கத்துல நட்டாங்க. மதில் இருக்கற வரைக்கும் இருக்கட்டும், திரும்ப கட்டும்போது மாத்திக்கலாம்னு என் மனைவி சொல்ல, அதையும் நோட்டாரிஸ் இபு எழுத்துல போட்டு ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கினாங்க. அந்த முருங்கை தளிர்ல கீரை பறிச்சுக்கலாமான்னு கேட்டேன், ம்பா ஒரு மாதிரி பாத்தாங்க, அந்தப் பக்கம் அது இறந்தவங்கள குளிப்பாட்டற தண்ணில போடற இலையாம். அப்புறம் அவங்களே ஒரு கைப்பிடி ஒடிச்சுக் குடுத்தாங்க.

பத்திரம் கையெழுத்தாகற அன்னிக்கு முழுசா வாசிச்சாங்க, வயசான அண்ணனுக்கு புரியலன்னதும் அதே பத்திய ஜாவாவுல திருப்பி சொன்னாங்க. இதுக்கே ஒரு ஸ்டார்.

இப்ப குறை. வாட்ஸ்அப்ல கேள்வி கேட்டா ரெண்டு மூணு நாள் கழிச்சு தான் பதில், சில சமயம் அதுவும் இல்ல. அளவெடுக்கற தேதி மூணு தடவ மாறுச்சு, ஒவ்வொரு தடவையும் நாங்க லீவு போட்டு வந்தது வீணாச்சு. பில்லுல எல்லாத்தையும் சேத்து ஒரே தொகையா போட்டிருந்தாங்க. பிபிஏடி ஃபீஸ் விலைல 1 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, வாங்கறவங்க கட்ற வரி 5 சதவீதம், அதுலயும் ஒரு வரம்பு வரைக்கும் தள்ளுபடி உண்டு, விக்கறவங்க கட்றது 2.5 சதவீதம். இத தெரிஞ்சுக்கிட்டு பிரிச்சுக் குடுங்கன்னு கேட்டதும் குடுத்தாங்க, ஆனா நாம கேக்கற வரைக்கும் ஏன் விடணும்? பொறுப்பா இருக்கற ஆபீஸ் இதையும் சரி பண்ணணும், நேர்லயும் சொல்லிட்டு தான் வந்தேன்.

பச்சை அட்டை போட்ட சர்டிபிகேட் மனைவி பேர்ல அந்த வருஷக் கடைசில கைக்கு வந்துச்சு. வாங்கின கையோட ஆர்டி, அதாவது அக்கம்பக்கத்து வீடுங்க சேந்த குழு, அதோட தலைவர் வீட்டுக்குப் போய் பேர் குடுத்தோம், ராத்திரி ரோந்து வர்றவங்க எடுத்துக்கறதுக்கு வாசல்ல ஜிம்பித்தான் டப்பா மாட்டிக்கங்க, தினம் 500 ரூபியா போட்டா போதும்னு சொன்னார். வீடு கட்டல இன்னும், டப்பா மட்டும் முருங்கை பக்கத்து கம்பத்துல மாட்டியிருக்கோம், நாங்க வராத நாள்ல ம்பாவே நமக்காக காசு போட்டுடறாங்க.

போறவங்க கல்யாண சர்டிபிகேட், ரெண்டு பேரோட அடையாள அட்டை, குடும்ப அட்டை, விக்கறவங்க சர்டிபிகேட் காப்பி, கடைசி வருஷ நில வரி ரசீது எல்லாம் எடுத்துட்டுப் போங்க. ரசீது மட்டும் இருந்தா நிலம் அவங்களுதுன்னு ஆகாது. வெள்ளிக்கிழமை 11.30-லருந்து 1 மணி வரைக்கும் தொழுகைக்குப் போயிடுவாங்க, அதுக்கு முன்னாடியே போயிடுங்க.