மிஞ்சிய உருளைக்கிழங்கு மசால்: அடுப்பு மேடையா, ஃப்ரிட்ஜா, ஃப்ரீசரா?

காலையில் பூரிக்குச் செய்த மசால் மிஞ்சிவிட்டால், ஒரு கொதி விட்டு மூடி அடுப்பு மேடையிலேயே வைப்பதுதான் பல வீடுகளில் பழக்கம். மூன்று வழிகளில் நான் முதலில் தள்ளிவைப்பது இதைத்தான். மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கிழங்கோடு சமையலறைக்குள் வந்து, கொதிக்கும் சூட்டையும் தாங்கி, மசால் வெதுவெதுப்பாக ஆறிக்கிடக்கும்போது முளைத்துப் பெருகக்கூடியவை. அவை உண்டாக்கும் நஞ்சுகளில் வாந்தி வரவழைக்கும் ஒன்று, இரவில் எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. அதனால் சமைத்த கிழங்கு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட கிழங்கை அப்படியே வெளியில் வைப்பது இன்னும் மோசம்: காற்றுப் புகாத அந்தச் சுற்றுக்குள் நரம்புகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கும் பொட்டுலிசக் கிருமி வளரும். 1994இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில், அவ்வாறு வைத்திருந்த கிழங்கில் செய்த ஓர் உணவால் 30 பேர் பாதிக்கப்பட்டார்கள்.

ஃப்ரிட்ஜில் 5 டிகிரிக்குக் கீழே மூன்று, நான்கு நாள் வரை வைக்கலாம். ஆழமான பாத்திரத்தில் குவித்து வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும். ஆகவே அகலமான டப்பாவில் பரப்பி வைப்பது நல்லது. தேங்காய் அரைத்த குருமாவை நான் மறுநாளே தீர்த்துவிடுவேன். குளிரில் மாவுச்சத்து இறுகிக் கிழங்கு விறைத்துப்போகும் என்றாலும், தண்ணீர் தெளித்து ஆவி பறக்கச் சூடாக்கினால் இளகிவிடும்.

ஃப்ரீசரில் மாதக்கணக்கில் கெடாது. ஆனால் துண்டு போட்ட கிழங்கு உருகும்போது நீர்விட்டுச் சொதசொதவென்றாகிவிடும் என்பதால், மசித்த மசாலுக்கும் கட்லெட் உருண்டைக்கும் மட்டுமே அது ஏற்றது.

வெந்த கிழங்கில் சில வேளை தெரியும் சாம்பல் நிறம் கெட்டதற்கு அடையாளமன்று. கிழங்கிலுள்ள இரும்புச்சத்து காற்றோடு சேர்ந்து கறுப்பதே அது. கரண்டியால் எடுக்கையில் நூல் விடுவதும், ஓரங்களில் நுரை கட்டுவதும், புளித்த வாடையும்தான் ஊசிப்போனதைக் காட்டுபவை. நோய்க்கிருமிகளோ வாடையே இல்லாமலும் பெருகும். ஆகையால் இரவு முழுவதும் மேடையில் கிடந்த மசாலை, எவ்வளவு நன்றாக மணந்தாலும், ருசி பார்க்காமலே கொட்டிவிட வேண்டும்.