கணைய மாற்றுச் சிகிச்சைப் பிரிவு: ஒரு நோயாளியின் அக்காள் எழுதும் மதிப்பீடு

என் தம்பிக்கு 11 வயதில் முதல் வகைச் சர்க்கரை நோய் வந்தது. 34 வயதில் சிறுநீரகமும் கெட்டு, வாரம் மூன்று டயாலிசிஸ் என்றானது. சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றில், மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகத்தையும், இன்சுலின் சுரக்கும் கணையத்தையும் அவனுக்கு ஒருசேரப் பொருத்தினார்கள்.

அந்தப் பிரிவில் நான் முதலில் மெச்சுவது, அவர்கள் இருமுறை மறுத்ததைத்தான். முதல் கணையத்தில் கொழுப்பு படிந்திருந்தது; அடுத்த கொடையாளர் 50 வயதைக் கடந்தவர். அன்று எங்களுக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தன. கணையத்தில் ரத்த ஓட்டம் மெதுவானது என்பதால், பொருத்திய முதல் நாட்களிலேயே ரத்தம் உறைந்து அதை இழப்பதுதான் பெரிய ஆபத்து என்றும், கொடையாளரின் வயதும் பருமனும் கணையம் பனிப்பெட்டியில் கிடக்கும் நேரமும் கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மூன்றாவது கணையம் சென்னையிலேயே கிடைத்ததால், அவர்கள் வகுத்திருந்த 12 மணி நேர வரம்புக்கு வெகு முன்பே அது தம்பியின் உடலுக்குள் இருந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கொரு முறை சர்க்கரை பார்த்தார்கள். திடீரென ஏறினால் ரத்தக்கட்டோ என்று உடனே ஸ்கேன் எடுப்பார்களாம். மூன்றாம் நாள் காலை, இன்சுலின் இல்லாமலே 112 என்று கருவி காட்டியபோது தம்பி அதைக் கையில் வாங்கி இன்னொரு முறை பார்த்தான். இரண்டு உறுப்புகளும் ஒருவருடையவை என்பதால், உடல் அவற்றை நிராகரிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் கிரியாட்டினின் (சிறுநீரகம் பாதித்தால் ரத்தத்தில் ஏறும் கழிவுப்பொருள்) முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். கணையத்தை மட்டும் பொருத்தியவர்களுக்கு இந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. சர்க்கரை ஏறும்போது பாதிப்பு முற்றியிருக்கும்.

குறை, வெளிநோயாளிகளின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறது. உடல் உறுப்பை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை, முந்தைய வேளை மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பே பார்க்க வேண்டும். அங்கிருந்த ஊழியர் ஒருவரோ, "மாத்திரை போட்டுட்டே வாங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அளவு பொய்யாக உயர்ந்து வந்தது. ஒருங்கிணைப்பாளர் நேரத்தை விசாரித்திராவிட்டால் மருந்தைக் குறைத்திருப்பார்கள், அது நிராகரிப்புக்கே வழிவிட்டிருக்கும். ரத்தம் கொடுக்கும் முன் இந்த மாத்திரை கூடாது என்று தமிழில் பெரிதாக எழுதி அந்த ஜன்னலில் ஒட்டும்படி மனுக் கொடுத்திருக்கிறேன், இன்னும் ஒட்டவில்லை.