குத்தின் வலுவை அளக்கும் உணரி: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

குத்துச்சண்டைப் பயிற்சியின்போது மணிக்கட்டில் கைப்பட்டைக்குள் செருகிக்கொள்ளும் இரண்டு சிறிய உணரிகளும், அவை அனுப்பும் எண்களைக் காட்டும் கைபேசிச் செயலியும் சேர்ந்ததே நான் நான்கு மாதங்களாகப் பயன்படுத்திவரும் இந்தக் கருவி. நல்ல கையுறை ஒரு ஜோடியைவிட இதன் விலை அதிகம். எத்தனை குத்துகள் விட்டோம், ஒவ்வொன்றின் வேகம் எவ்வளவு, அது ஜாபா (முன்னால் இருக்கும் கையின், எனக்கு இடக்கையின், நேர்க்குத்து), கிராஸா (பின்னால் இருக்கும் கையின் நேர்க்குத்து), ஹூக்கா (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) என்பதைச் சொல்வதோடு, ஒவ்வொரு குத்துக்கும் ‘பவர்’ என்ற பெயரில் ஒரு மதிப்பெண்ணும் தருகிறது. அந்த மதிப்பெண்ணை நம்பித்தான் வாங்கினேன் என்பதால், அதைப் பற்றியே முதலில் எழுதுகிறேன்.

உணரிக்குள் இருப்பது முடுக்கமானி. கை எவ்வளவு விரைவில் வேகமெடுத்தது, குத்திப் பழகும் பையில் மோதி எவ்வளவு சட்டென்று நின்றது என்பது அதற்குத் தெரியும். அந்தக் கைக்குப் பின்னால் உடலின் எடை எவ்வளவு வந்தது என்பது தெரியாது. குத்தின் வலு பின்னங்காலின் பாதத்தில் தொடங்கி, இடுப்பின் திருப்பத்தில் வளர்ந்து, தோள் வழியாக முஷ்டிக்கு வந்து சேர்வது. ஒரு மாலை எங்கள் பயிற்சியாளர் பையை மறுபக்கம் அணைத்துப் பிடித்துக்கொண்டு என்னைக் குத்தச் சொன்னபோது இது விளங்கியது. செயலி மிக உயர்ந்த மதிப்பெண் கொடுத்த குத்துகள் அவரை அசைக்கவில்லை. மெதுவானது என்று அது ஒதுக்கிய ஒரு வலக்கைக் கிராஸோ அவரை அரையடி பின்னுக்குத் தள்ளியது. “தம்பி, இத்தனை நாளா நான் கேட்டது இதைத்தான்” என்றார்.

அளவு பிழையாக இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணைத் துரத்தியதால் என் ஆட்டத்தில் நேர்ந்த சேதமே பெரிது. மதிப்பெண் ஏற வேண்டும் என்பதற்காகக் குத்துவதற்கு முன் வலக்கையைச் சற்றுப் பின்னிழுக்கத் தொடங்கினேன். அந்த நொடியில் இடக்கைத் தற்காப்பு தாழ்ந்தது. கால்கள் தரையில் வேரூன்றிவிட்டன. பை திருப்பி அடிக்காது என்பதால் இவற்றில் எதுவும் எனக்கு உறைக்கவில்லை. ஸ்பாரிங்கில், அதாவது இருவர் நேருக்கு நேர் மோதிப் பழகும் பயிற்சியில், என்னைவிட எடை குறைந்த, குத்தில் வலு குறைந்த ஒருவர், நான் கையைப் பின்னிழுக்கும் ஒவ்வொரு முறையும் நேராக ஒரு ஜாபை நுழைத்துவிட்டு விலகிக்கொண்டார். மூன்று சுற்றுகளில் என் வலக்கை அவரை ஒழுங்காகத் தொட்டது ஒரே ஒரு முறைதான்.

வலுவுக்கும் பிற திறன்களுக்கும் உள்ள இந்த உறவை குத்துச்சண்டை வீரர்கள் டியோன்டே வைல்டர், டைசன் ஃபியூரி இருவரும் மோதிய மூன்று ஆட்டங்களைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை என்பது என் கருத்து. 2018 டிசம்பர் 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில் முதன்முறை மோதியபோது வைல்டர் அதுவரை ஆடிய 40 ஆட்டங்களிலும் வென்றிருந்தார். அவற்றில் 39 நாக்அவுட், அதாவது எதிராளி தொடர்ந்து ஆட முடியாதபடி செய்து பெற்ற வெற்றி. அன்று ஃபியூரி பெரும்பாலான நேரம் எட்டாத தூரத்திலேயே நகர்ந்துகொண்டிருந்தும், 9ஆம் சுற்றிலும் 12ஆம் சுற்றிலும் வைல்டரின் கையால் தரையில் விழுந்தார். இரண்டு முறையும் எழுந்தார். ஆட்டம் சமனில் முடிந்தது. 2020 பிப்ரவரியில் மீண்டும் மோதியபோது ஃபியூரி உத்தியையே மாற்றி, வைல்டரைப் பின்னோக்கி நடக்க வைத்தார். பின்னங்காலை ஊன்ற இடமில்லாதபோது அந்தப் புகழ்பெற்ற வலக்கை பயனற்றுப் போயிற்று. 7ஆம் சுற்றில் ஆட்டம் ஃபியூரியின் வெற்றியாக முடிந்தது. 2021 அக்டோபரில் ஃபியூரி 4ஆம் சுற்றில் இரண்டு முறை விழுந்தும், 11ஆம் சுற்றில் நாக்அவுட் முறையில் வென்றார். மூன்று ஆட்டங்களில் நான்கு முறை எதிராளியை வீழ்த்திய வலு, ஒரு வெற்றியைக்கூடப் பெற்றுத்தரவில்லை.

அதற்காக வலுவை வெறும் அலங்காரமாகக் கருதுவதும் தவறு. முதல் ஆட்டத்தை வைல்டருக்குச் சமனாக்கித் தந்தவை அந்த இரண்டு வீழ்த்தல்களே. நம் குத்தில் எடையே இல்லை என்று தெரிந்துகொண்ட எதிராளி ஜாபை வாங்கிக்கொண்டே உள்ளே நுழைந்துவிடுவார். பிறகு எத்தனை நேர்த்தியான கால் நகர்வும் நெடுநேரம் காப்பாற்றாது. எதிராளியைத் தயங்கவைக்கும் அளவுக்கு வலு கட்டாயம் வேண்டும். அதற்கு மேல் உள்ள வலுவெல்லாம் தூரத்தையும் நேரத்தையும் சரியாகக் கணிப்பவருக்குத்தான் உதவுகிறது. இந்தக் கருவியால் அளக்க முடியாதவையும் அந்த இரண்டும்தான்.

மற்றபடி உணரிகள் இடம் நழுவுவதில்லை, வியர்வையாலும் பழுதாகவில்லை. கீழிருந்து மேல்நோக்கி வரும் அப்பர்கட்டை அடிக்கடி ஹூக் என்று பதிவது ஒரு குறை.

பவர் மதிப்பெண்ணுக்காக வாங்க எண்ணுபவர்கள் அந்தப் பணத்தில் ஒரு மாதம் பேட் பயிற்சிக்கு (பயிற்சியாளர் கையில் பிடிக்கும் மெத்தைகளில் குத்திப் பழகுவதற்கு) போவது நல்லது. நான் கருவியைத் திருப்பித் தரவில்லை. அதன் எண்ணிக்கைக் கணக்கு துல்லியமானது. முதல் சுற்றில் விட்ட ஜாப்களில் பாதியைக்கூட மூன்றாம் சுற்றில் நான் விடுவதில்லை என்பதை அதுதான் காட்டிக்கொடுத்தது. இப்போது பவர் பக்கத்தைத் திறப்பதே இல்லை. பயிற்சி முடிந்ததும் மூன்றாம் சுற்றின் இடக்கை எண்ணிக்கையை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன்.